மீனுக்குத் தெரியாத நரம்பு உண்டா?

ஏரிக்கரையிலோ பாலத்துச் சுவரிலோ தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி வரும். முள்ளில் குத்திய புழுவைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மீனுக்கு, புழுவிலிருந்து மேலே போகும் நரம்பு மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது? தெரிந்தும் கவ்வுகிறதா, தெரியாததால் கவ்வுகிறதா? சின்னப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் பிடிக்கப் போகிறவர்கள் கடையில் நரம்புச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்பதே இந்தக் கேள்வியால்தான். "தண்ணீருக்குள் மறைந்துவிடும்" என்று உறையில் அச்சிட்ட நரம்புக்குச் சாதாரண நைலானைவிடப் பல மடங்கு விலை. அந்த விலைக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைப்பது என்ன?

உறையில் சொல்லியிருப்பது பொய்யில்லை. அதற்குப் பின்னால் அசல் இயற்பியல் இருக்கிறது. ஆனால் அந்த இயற்பியல் பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு. ஓடுகிற ஆற்றில் மீனுக்கு நரம்பைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் பளபளப்பு இல்லை. அந்த நரம்பு இரையை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான். அதைத் தீர்மானிப்பது நரம்பு எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட, எவ்வளவு பருமன் என்பது. இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

கடலுக்குப் போய்த் திரும்பும் மீன்

முதலில் மீன். ஸ்டீல்ஹெட் தனி இனமில்லை. நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்டும் இதுவும் ஒரே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் ட்ரவுட். கடலுக்குப் போய், அங்கே கொழுத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பினால் ஸ்டீல்ஹெட். மூன்று முதல் ஐந்து கிலோ வரை வளர்ந்தவை சாதாரணம். பசிபிக் சால்மன்களில் பெரியது சினூக். 1985இல் அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 44 கிலோ இருந்தது. கோஹோ, சாக்கை என்று சிறிய உறவினர்களும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விசித்திரம், ஆற்றுக்குள் நுழைந்ததும் உணவில் நாட்டம் போய்விடுவது. சால்மனின் குடல் சுருங்கத் தொடங்கிவிடும். ஸ்டீல்ஹெட் அவ்வப்போது எதையாவது கொறிக்கும். பசியில்லாத மீன் தூண்டிலை ஏன் கவ்வுகிறது என்பதற்கு எரிச்சல், பழக்கம், இடத்தைக் காக்கும் குணம் என்று பல விளக்கங்கள் சொல்கிறார்கள். நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: இது இரையைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்து தின்னும் மீனில்லை. முகத்துக்கு நேரே வரும் ஒன்றை ஒரு நொடியில் கவ்வும், அல்லது விட்டுவிடும்.

அடுத்தது நரம்பு. நம் கடற்கரையில் தங்கூசி என்றும் நரம்பு என்றும் சொல்வது ஒற்றை இழையாக இழுத்த நைலானை. தூண்டிற்கோலின் உருளையிலிருந்து வருவதைத் தாய்நரம்பு என்று வைத்துக்கொள்வோம். இன்று அது பெரும்பாலும் பல இழைகளைப் பின்னிய, ஒளி ஊடுருவாத, நீட்சி ஏறக்குறைய இல்லாத செயற்கை நூல். அதன் முனையில் ஒரு சுழல்வளையம். அதற்கும் முள்ளுக்கும் நடுவே அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை தனியாகக் கட்டும் துண்டைத்தான் லீடர் என்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் அதை முன்நரம்பு என்று அழைப்போம். நம் கதாநாயகன் இந்தத் துண்டுதான்.

முன்நரம்பு கட்டும் வழக்கம் நைலானைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் பட்டுப்புழுவின் சுரப்பியைக் காடியில் ஊறவைத்து, கையால் நீட்டி இழுத்து, ஒளி புகும் இழையாக்கினார்கள். ஸ்பெயினின் மூர்சியா பகுதி இதற்குப் பேர்போனது. இழையை மெலிதாக்க, துளையிட்ட தகட்டின் வழியே இழுப்பார்கள். அந்தக் காலத்து அளவுமுறை இன்றும் ட்ரவுட் பிடிப்போரிடம் இருக்கிறது. அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு பருமன் கொண்டது பூஜ்ய எண். ஆயிரத்தில் ஒரு பங்கு மெலிய மெலிய எண் ஒவ்வொன்றாகக் கூடும். 1938இல் நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் பட்டுப்புழுவுக்கு விடுதலை கிடைத்தது. 1971இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் வேறொரு பொருளில் இழை இழுத்துக் காட்டியது. ஃப்ளூரின் கலந்த அந்தப் பிளாஸ்டிக்கைத்தான் கடைக்காரர்கள் ஃப்ளூரோகார்பன் என்கிறார்கள். மறைந்துவிடும் நரம்பு என்பது இதைத்தான்.

எண்ணெயில் காணாமல் போகும் கண்ணாடி

மறைவது எப்படி? ஆய்வகக் கண்ணாடிக் குச்சி ஒன்றைத் தண்ணீர் நிறைந்த குவளையில் வைத்தால் மங்கலாகத் தெரியும். அதே குச்சியைச் சூரியகாந்தி எண்ணெயில் முக்கினால், முக்கிய பகுதி காணாமலே போகும். கண்ணாடி எங்கும் போகவில்லை. ஒரு பொருள் ஒளியின் வேகத்தை எவ்வளவு மட்டுப்படுத்துகிறது என்பதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று, 1.47. எண்ணெயிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளிக்கு எல்லை தாண்டியதே தெரியாது. திரும்பி எதிரொளிக்கவும் இல்லை, வளையவும் இல்லை. கண்ணுக்குக் காட்ட அங்கே ஒன்றுமில்லை.

தண்ணீரின் எண் 1.33. நைலானுக்கு ஏறத்தாழ 1.53. ஃப்ளூரோகார்பனுக்கு 1.42. தண்ணீரோடு உள்ள இடைவெளி நைலானுக்கு 0.20 என்றால் ஃப்ளூரோகார்பனுக்கு 0.09, அதாவது பாதிக்கும் குறைவு. நேராக வந்து விழும் ஒளியில் எவ்வளவு திரும்புகிறது என்று கணக்குப் போட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. நைலான் பரப்பில் இருநூறில் ஒரு பங்கு ஒளி திரும்பும். ஃப்ளூரோகார்பனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பளபளப்பு ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. உறையில் இருக்கும் விளம்பரம் இந்த ஐந்தில் ஒன்றின் மேல்தான் நிற்கிறது. இதுவரை சரி.

காற்றாடி நூல் தெரிகிறதே

ஆனால் கண்ணாடிக் குச்சி மறைந்ததற்குக் காரணம் எண்கள் நெருங்கியது இல்லை, பொருந்தியது. 0.09 இடைவெளி இருக்கும்வரை நரம்பு ஒரு மெல்லிய உருளை வில்லையாக நடந்துகொள்ளும். உள்ளே நுழைந்த ஒளியை வளைத்து வேறு பக்கம் அனுப்பும். கீழேயிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, வெளிச்சமான நீர்ப்பரப்பின் பின்னணியில், விளிம்பு இருண்ட ஒரு கோடாக அது தெரியும். அங்கே பளபளப்புக்கு வேலையே இல்லை. வானத்துக்கு எதிரே உயரத்தில் பறக்கும் காற்றாடியின் நூலை நாம் எப்படிப் பார்க்கிறோமோ, அப்படி.

இங்கே ஒரு மறுப்பு எழும். மீனின் கண் மனிதக் கண்ணைவிடப் பல மடங்கு கூர்மை குறைந்ததாயிற்றே, மயிரிழையை அது எப்படிப் பார்க்கும்? கூர்மை என்று அளப்பது நெருங்கிக் கிடக்கும் இரண்டு கோடுகளை இரண்டாகப் பிரித்தறியும் திறமையை. தனியே கிடக்கும் ஒரு கோடு இருக்கிறது என்று உணர அதைவிட மிகக் குறைந்த திறமை போதும். வெகு தொலைவில் போகும் மின்கம்பியைப் பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் அதே தடிப்புள்ள இரண்டு கம்பிகள் ஒட்டிப் போனால் இரண்டு என்று நம்மால் சொல்ல முடியாது. ஆகவே மங்கலான கண் என்பதை வைத்து நரம்பு தெரியாது என்று தீர்ப்பெழுத முடியாது. 0.3 மில்லிமீட்டர் நரம்பு ஒரு முழத்துக்குள் வந்தால் மீன் அதை உணர்வதில் வியப்பில்லை.

ஒளிவிலகல் எண் என்று ஒற்றை எண் சொல்வதிலும் ஒரு சுருக்கம் ஒளிந்திருக்கிறது. இழுத்து நீட்டிய எந்த இழையிலும் மூலக்கூறுகள் நீளவாக்கில் வரிசை கட்டி நிற்கும். நைலான் இழையின் நீளத்துக்கு இணையாக அதிரும் ஒளிக்கு எண் 1.58 வரை போகிறது. குறுக்காக அதிரும் ஒளிக்கு 1.52. நாம் இந்த வேறுபாட்டை உணர மாட்டோம். ஆனால் ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை இளம் ட்ரவுட்டுகளின் கண் உணர்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. வளர்ந்த மீனுக்கு அது எவ்வளவு மிஞ்சுகிறது என்பது வேறு விஷயம். மனிதக் கண்ணை அளவுகோலாக வைத்துக்கொண்டு 'மறைவு' என்று சொல்வதே கொஞ்சம் அவசரம்.

சிவப்பு நரம்பு விற்பவர்களின் வாதத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். தண்ணீரில் முதலில் மறையும் நிறம் சிவப்பு, ஆகவே சிவப்பு நரம்பு மீனுக்குத் தெரியாது என்கிறார்கள். ஆழ்கடலுக்கு அது உண்மை. இரண்டு மீட்டர் ஆற்றில் சிவப்பில் கணிசமான பகுதி கீழே வந்து சேரும். அழுகிய இலைகளின் சாயம் இறங்கித் தேநீர் நிறத்தில் ஓடும் ஆறு என்றால் நீலம்தான் முதலில் போகும். போதாததற்கு, கடலிலிருந்து ஆற்றுக்கு வரும் சால்மனின் விழித்திரை நிறமி சிவப்புப் பக்கமாக நகர்கிறது. வாதம் கடலைப் பற்றியது, மீன்பிடிப்பு ஆற்றில் நடக்கிறது.

இத்தனையும் புது நரம்புக்கு. ஆற்றில் ஒரு மணி நேரம் ஓடிய நரம்பின் மேல் கூழாங்கல் கீறல்கள், ஒட்டிய பாசித் துணுக்கு, சிறு குமிழிகள். கீறல் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறவிடும். முடிச்சுகள் எந்த நரம்பிலும் மறைவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நரம்பின் முனையில் சூரியனில் மின்னும் உலோக முள் ஒன்று தொங்குகிறது. அதை மன்னித்துவிடும் மீன் ஆயிரத்தில் நான்கு பங்கு ஒளி வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுமா?

ஒரு மீட்டர் நரம்பின் கணக்கு

ஃப்ளூரோகார்பனுக்கு ஆதரவாக இன்னொரு வாதம் உண்டு. அது கனமானது, நைலானைவிட வேகமாக மூழ்கும், ஆகவே இரையை மீன் படுத்திருக்கும் ஆற்றடிக்குக் கொண்டுபோகும். இதையும் நம்புவதற்கு முன் நிறுத்துப் பார்ப்போம்.

0.3 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு மீட்டர் நரம்பை எடுத்துக்கொள்வோம். ஸ்டீல்ஹெட்டுக்குக் கட்டும் சாதாரண அளவு இது. நான்கரைக் கிலோ சுமைக்குத் தாங்கும். அதன் கன அளவு சுமார் 70 கன மில்லிமீட்டர், நான்கைந்து அரிசி மணி அளவு. நைலான் தண்ணீரைவிட 14 சதவீதம் கனம், ஃப்ளூரோகார்பன் 78 சதவீதம். தண்ணீர் தாங்கிக்கொள்வதைக் கழித்துவிட்டால், மூழ்கடிக்க மிஞ்சும் எடை நைலானுக்குப் பத்து மில்லிகிராம், ஃப்ளூரோகார்பனுக்கு 55 மில்லிகிராம். ஐந்தரை மடங்கு! விளம்பரத்தில் போட அருமையான எண். அசையாத தொட்டியில் படுக்கைவாக்கில் விட்டால் நைலான் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் போல இறங்கும், ஃப்ளூரோகார்பன் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. அசையாத ஏரியில் இது பொருட்படுத்த வேண்டிய வேறுபாடுதான். நைலான் நீர்ப்பரப்பின் தோலிலேயே ஒட்டிக்கொண்டு கிடப்பதும் உண்டு.

இப்போது அதே நரம்பை ஆற்றுக்குள் விடுவோம். ஆறு மேலே ஒரு வேகத்தில், அடியில் இன்னொரு வேகத்தில் ஓடும். அடியில் கூழாங்கற்கள் தண்ணீரைப் பிடித்து இழுப்பதால் அங்கே ஓட்டம் மேலே இருப்பதில் பாதிதான் என்றுகூடச் சொல்லலாம். மீன் அந்த நிதான ஓட்டத்தில் சக்தியை மிச்சப்படுத்திக்கொண்டு கிடக்கிறது. இரை அடியில், தக்கை மேலே, நடுவே நரம்பு. மேல் ஓட்டம் நொடிக்கு ஒரு மீட்டர் என்றால், நரம்பைச் சுற்றியுள்ள தண்ணீர் அதைவிட நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகமாகப் போகும் இடம் எங்காவது இருக்கும். அங்கே ஓட்டம் நரம்பைத் தள்ளும் விசையை இழுவை என்போம். ஒரு மீட்டர் நரம்பின் மேல் அது ஏறத்தாழ இரண்டு கிராம் எடைக்குச் சமம். கரையிலிருந்து நரம்பை விறைப்பாகப் பிடித்து ஓட்டத்துக்குக் குறுக்கே நிறுத்தினால் 18 கிராம். நரம்பின் எடை மில்லிகிராமில், அதன் மேல் விழும் இழுவை கிராமில். ஃப்ளூரோகார்பன் கூட்டித் தந்த 45 மில்லிகிராம் இந்தச் சண்டையில் வேடிக்கை பார்க்கத்தான் முடியும். 0.4 கிராம் ஈயக்குண்டு ஒன்றைக் கடித்துப் பொருத்தினால் அந்தக் கூடுதலைப்போல எட்டு மடங்கு கிடைத்துவிடும், சில காசு செலவில்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, இழுவையைத் தீர்மானிப்பது எது என்பது. பொருள் அதில் வரவே இல்லை. பருமன் வருகிறது. 0.3க்குப் பதில் 0.4 மில்லிமீட்டர் கட்டினால் இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடும், நைலானானாலும் சரி, ஃப்ளூரோகார்பனானாலும் சரி. கூடிய இழுவை இரையை அடியிலிருந்து மேலே தூக்கும், பக்கத்தில் மிதந்து வரும் இலைத் துணுக்குகளைவிட வேகமாக ஓட்டும், குறுக்கே சறுக்க வைக்கும். இரையாகக் கட்டிய, மீன் முட்டையின் சைஸில் உள்ள ஒரு சிவப்பு உருண்டை, சுற்றியிருக்கும் எதுவும் போகாத வேகத்தில், எதுவும் போகாத திசையில் வருகிறது. நரம்பின் பளபளப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை மீனுக்கு அங்கே இல்லை. இந்த ஆறுகளில் பழகியவர்கள் தக்கைக்கும் கோல்முனைக்கும் நடுவே கிடக்கும் நரம்பை ஓயாமல் மேலோட்டத்துப் பக்கம் தூக்கிப் போட்டுக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

"ஆனால் அதிகம் சிக்குகிறதே"

இவ்வளவு சொன்ன பிறகும் அனுபவசாலிகள் விட மாட்டார்கள். ஃப்ளூரோகார்பனுக்கு மாறிய நாளிலிருந்து மீன் கூடுதலாகச் சிக்குகிறது என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நினைக்கக் காரணமில்லை. ஆனால் விலை கூடிய நரம்பை யார் வாங்குகிறார், எப்போது கட்டுகிறார்? அக்கறையுள்ளவர் வாங்குகிறார். ஆறு தெளிந்து மீன் மிரளும் நாளில் கட்டுகிறார். கட்டும்போது பழைய துண்டைக் கழற்றிவிட்டுப் புதியதை, பெரும்பாலும் இன்னும் மெலிதானதை, புது முடிச்சோடு கட்டுகிறார். முள்ளையும் தீட்டிக்கொள்வார். ஐந்து விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறிவிட்டன. புகழ் போவது உறையில் பெயர் அச்சிட்ட ஒன்றுக்கு. எந்தச் சுருளில் எது இருக்கிறது என்று தெரியாமல், ஒரே பருமனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தால்தான் பொருளின் பங்கு தனியே தெரியும்.

முன்நரம்பு பற்றிய புகழ்ச்சி எவ்வளவு தூரம் வழிதவறலாம் என்பதற்குச் சாக்கை மீன் நல்ல சாட்சி. கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறும் சாக்கை தூண்டிலைக் கவ்வுவது அரிது. ஆனாலும் மூன்று மீட்டருக்கும் மேல் நீண்ட முன்நரம்பு கட்டி ஆற்றடியில் உருட்டிவிடுபவர்களுக்கு நிறையவே சிக்குகிறது. மூச்சுக்காகத் திறந்து மூடும் வாய்க்குள் நரம்பு நுழைந்து சறுக்கிக்கொண்டே போய், கடைசியில் முள் கன்னத்தின் வெளிப்பக்கத்தில் குத்தும். மீன் எதையும் ஏமாந்து கவ்வவில்லை. நரம்பு பல் இடுக்கில் நூல் விடுவதுபோல அதன் வாயில் ஓடியிருக்கிறது. "நீள முன்நரம்பு மீனை மிரட்டாது, அதனால் கவ்வுகிறது" என்று இதற்கு விளக்கம் சொன்னவர்கள் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃப்ரேசர் ஆற்றில் இந்த முறை பற்றிப் பல ஆண்டுச் சர்ச்சை நடந்தது. முன்நரம்பின் நீளத்துக்கு விதியே வரம்பு கட்டும் ஆறுகளும் உண்டு.

ஒளியியல் வாதத்தை முற்றிலும் தள்ளிவிடவும் கூடாது. பளபளப்பு ஐந்தில் ஒன்றாவது பொய்யில்லை. தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், ஓட்டம் மெல்ல இருக்கும், வெயில் நேராக விழும், மீன் நாள்கணக்கில் தூண்டில்களைப் பார்த்துச் சலித்திருக்கும் இடத்தில் அது கைகொடுக்கலாம். அமெரிக்கப் பேரேரிகளுக்குள் பாயும் சிற்றாறுகள் அப்படிப்பட்டவை. அங்கே ஸ்டீல்ஹெட் பூர்வகுடி இல்லை. 1870களில் கொண்டுவந்து விடப்பட்டது. இலையுதிர் காலத்தில் முழங்கால் அளவுத் தெளிந்த நீரில் கூட்டமாகக் கிடக்கும். அங்கே 0.2 மில்லிமீட்டர் ஃப்ளூரோகார்பனுக்கு நியாயம் இருக்கிறது. அதே நபர் அதே நரம்போடு வாஷிங்டன் மாநிலத்தின் ஹோ ஆற்றுக்கு, பனியாறு உருகிக் கல்மாவு கலந்து பால் கஞ்சி நிறத்தில் ஓடும் கோடை நாளில் போனால், மறைவுக்காகக் கொடுத்த காசு தண்ணீரோடு போயிற்று. கையளவு தூரத்தில் கையே தெரியாத நீர் அது.

எது முதலில் அற வேண்டும்

முன்நரம்புக்கு இன்னொரு வேலை இருக்கிறது. கடையில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது அறுவதற்காகக் கட்டப்படுகிறது. முள் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் இழுக்கத்தான் வேண்டும். தாய்நரம்பைவிட முன்நரம்பு வலுக்குறைவாக இருந்தால் முள்ளோடு ஒரு முழம் போகும். மறுதலையாக இருந்தால் தக்கை, ஈயம், முப்பது மீட்டர் தாய்நரம்பு எல்லாம் ஆற்றோடு போய், எந்தப் பறவையின் காலிலாவது சுற்றும். வீட்டு மின்சுற்றில் ஃப்யூஸ் கம்பி செய்யும் வேலை இது.

எவ்வளவு வலு என்பதில் பருமன் ஒரு விநோதமான சலுகை தருகிறது. பருமன் கூடினால் இழுவை அதே விகிதத்தில்தான் கூடும், கண்ணில் படும் அகலமும் அப்படியே. ஆனால் தாங்கும் சுமை குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது பருமனின் வர்க்கமாக ஏறும். 0.25இலிருந்து 0.30க்குப் போனால் இழுவை 20 சதவீதம் கூடும், வலு 44 சதவீதம் கூடும். மெலிதாக்கிக்கொண்டே போகிறவர் இதே கணக்கைத் தலைகீழாகச் செலுத்துகிறார்: கொஞ்சம் மறைவுக்கு நிறைய வலுவை விற்கிறார்.

பாறையின் கீறலைச் சேர்த்தால் பேரம் இன்னும் மோசமாகும். கூர்மையான கல் ஒன்று நரம்பின் ஒரு பக்கத்தில் 0.05 மில்லிமீட்டர் சீவிவிட்டது என்று வையுங்கள். 0.40 நரம்பு தன் குறுக்குவெட்டில் ஏழு சதவீதத்தை இழக்கும். 0.25 நரம்பு இழப்பது பதினான்கு சதவீதம். கீறலின் நுனியில் விசை குவிவதால் உண்மைச் சேதம் இந்தச் சதவீதங்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஃப்ளூரோகார்பன் இந்த இடத்தில்தான் தன் விலைக்குக் கொஞ்சம் நியாயம் சொல்கிறது. நைலான் தண்ணீரைக் குடிக்கும். குடித்த பின் இளகி, 10 முதல் 20 சதவீதம் வலு குறையும். வெயிலில் கிடந்தால் இற்றும்போகும். ஃப்ளூரோகார்பன் தண்ணீர் குடிப்பதே இல்லை. காலையில் கட்டியபோது இருந்த வலு மாலையிலும் இருக்கும். இதை உறையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் எனக்கு ஆட்சேபணையே இருந்திருக்காது.

ஆனால் முடிச்சில் நைலான் அதைத் திருப்பி அடித்துவிடும். நரம்பு வளையும் இடத்தில் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். அதனால் முடிச்சு எப்போதும் நரம்பைவிட வலுக்குறைந்தது. காற்றில் தானாக விழும் சாதாரண ஒற்றை முடிச்சே வலுவைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். நைலான் மென்மையாக நீண்டு இந்தத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். விறைப்பான ஃப்ளூரோகார்பன் பொறுக்காது. உலர்ந்த நிலையில் முடிச்சை இறுக்கினால் உராய்வின் சூட்டிலேயே மேற்பரப்பு வெந்துவிடும். வாயில் வைத்து நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும். அவசரக்காரருக்கு நைலானே மேல்.

மெலிது என்றால் மென்மையா

மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதை வீரமாகவும் மீனுக்குக் கொடுக்கும் மரியாதையாகவும் பேசும் மரபு ஒன்று மேற்கில் உண்டு. இதற்கு மீனின் பக்கத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 1997இலிருந்து பசிபிக் கரையின் பல ஸ்டீல்ஹெட் கூட்டங்கள் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. பல ஆறுகளில் முதுகின் பின்பக்கத்துச் சிறு கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்ட பண்ணை மீனை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துடுப்பு முழுதாக இருந்தால் அது ஆற்றில் பிறந்த மீன், விட்டுவிட வேண்டும். மற்ற பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட்டுக்கு மறுபடி கடலுக்குப் போய் வரும் வாய்ப்பு உண்டு. மெல்லிய நரம்பில் அதை அவசரப்படுத்த முடியாது. இருபது நிமிடம் இழுபறி நடந்தால் தசைகளில் அமிலம் ஏறித் துவண்டுவிடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அதில் பிராணவாயுவும் குறைவு. விடுவிக்கப்பட்ட மீன் நீந்திப் போவதுபோலத் தோன்றிச் சற்றுத் தள்ளிப் போய்ச் சாவது உண்டு. தாராளமான முன்நரம்பு மீனைச் சில நிமிடங்களில் கரைக்குக் கொண்டுவரும். 

ஆகவே நடைமுறையில் கேள்விகளின் வரிசை மாறுகிறது. நீர் எவ்வளவு தெளிவு, அடியில் என்ன கல், எவ்வளவு வேகம், வரப்போவது நான்கு கிலோ ஸ்டீல்ஹெட்டா, பதினைந்து கிலோ சினூக்கா என்பது முதலில். சினூக் என்றால் அரை மில்லிமீட்டரைத் தொடும் பருமனுக்குக்கூடத் தயங்க வேண்டியதில்லை. அது ஓடும் கலங்கிய ஆழத்தில் யாருக்கும் நரம்பு தெரியாது. கோஹோவுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் 0.25க்கும் 0.35க்கும் நடுவே எங்காவது. இரை இயல்பாக மிதக்க விடும் பருமன்களில் மிகத் தடித்தது எது என்று பார்த்துக் கட்டலாம். அதற்குப் பிறகுதான் நைலானா ஃப்ளூரோகார்பனா என்பது வரும். பல நாட்களில் அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் மீனுக்குக் கவலையில்லை.

ஃப்ளூரோகார்பனைத் தேர்ந்தெடுப்பவர் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். தண்ணீரும் வெயிலும் தொட முடியாத பொருள் என்பது அதன் பெருமை. ஆற்றில் அறுந்து கிடந்தாலும் அப்படியே கிடக்கும். அதனால் இந்த ஆறுகளில் விவரம் தெரிந்தவர் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், பாறையில் பட்ட ஒவ்வொரு முறையும், முள்ளுக்கு மேலே கடைசி ஒரு முழத்தைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக உருவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத கீறல் நகத்தில் தட்டும். தட்டிய இடத்துக்கு மேலே வெட்டி, வாயில் நனைத்து, மறுபடி முடிவார். வெட்டிய துண்டு சட்டைப் பைக்குள் போகும்.